காக்பிட் திரை பொய் சொல்லுமா? ஒரு நாப்பை மாற்றித் திருகினால் என்ன ஆகும்?

செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்த்தால் பழனி மலை சுவர் மாதிரி நிற்கும். கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அந்த மலை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அதே செம்பட்டிக்கு மேலே ஒரு நான்கு சீட் விமானம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேகம் இறங்கிவிட்டது. மலை தெரியவில்லை. இப்போது மலை எங்கே இருக்கிறது, தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானிக்குச் சொல்ல இருப்பது முன்னாடி உள்ள பத்து அங்குலத் திரை ஒன்றுதான்.

ஆனால் அந்தத் திரை சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், விமானி முதலில் அதற்கு ஒரு எண்ணைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண் தவறினால் திரை பளிச்சென்று, அழகாக, தப்பான உயரத்தைக் காட்டும்.

2025 நவம்பர் 13-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது நினைவிருக்கும். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். ரோட்டில் நின்ற அந்த விமானத்தின் வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சம்பவத்தின் காரணத்தைப் பற்றியது அல்ல. ஆனால் இவ்வளவு சின்ன விமானத்துக்குள்ளே என்னதான் இருக்கிறது, விமானி எதைப் பார்த்து ஓட்டுகிறார் என்ற கேள்வி அன்று பலருக்கும் வந்திருக்கும்.

முள் போய் திரை வந்த கதை

பழைய சின்ன விமானங்களில் விமானி முன்னாடி ஆறு வட்டக் கடிகாரங்கள் இருக்கும். வேகம், விமானத்தின் சாய்வு, உயரம், திருப்பம், திசை, ஏறும் அல்லது இறங்கும் வேகம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முள், தனித்தனி வேலை. ஒன்று கெட்டால் மற்ற ஐந்து இருக்கும்.

2000-களின் நடுவில் இது மாறியது. உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் ஓடும் செஸ்னா 172 விமானத்திலேயே கார்மின் நிறுவனத்தின் ஜி1000 என்ற திரைத் தொகுப்பு வந்துவிட்டது. இதற்குப் பெயர் 'கிளாஸ் காக்பிட்'. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரை. இடது பக்கம் இருப்பது முதன்மைத் திரை. மேலே நீலம் வானம், கீழே பழுப்பு நிலம், இடது ஓரத்தில் வேகம், வலது ஓரத்தில் உயரம். வலது பக்கத் திரையில் வரைபடமும் இன்ஜின் விவரமும்.

நம்ம ஊர்த் தயாரிப்பிலும் இதுதான் இப்போது வழக்கம். பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி என்ற இரண்டு சீட் பயிற்சி விமானம் 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி கடல் மட்டச் சோதனைக்காக அதைப் புதுச்சேரிக்கு ஓட்டி வந்தார்கள். அதிலும் கிளாஸ் காக்பிட்தான்.

ஆக, இனிமேல் திண்டுக்கல்லிலிருந்தோ தேனியிலிருந்தோ ஒரு பிள்ளை பைலட் படிப்புக்குப் போனால், பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பார்க்கப்போவது முள்ளை அல்ல, திரையை.

வெளிச்சம் கூட்டுவதில் என்ன இருக்கிறது?

போன் மாதிரியேதான். திரையின் ஓரத்தில் இருக்கும் சென்சார் வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே கூட்டும், குறைக்கும். விமானிக்கு அது பிடிக்கவில்லை என்றால் மெனு பட்டனை அழுத்தி, ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, தானே வைத்துக்கொள்ளலாம்.

இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று தோன்றும். ராத்திரியில் பறந்தால்தான் விஷயம் புரியும். இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். திரை பளீரென்று எரிந்தால் அந்தப் பழக்கம் சில நொடியில் போய்விடும். அப்புறம் வெளியே ஓடுபாதை விளக்கு எது, ஊர் விளக்கு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கரண்ட் போன ராத்திரியில் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால் படி தெரியாது இல்லையா, அதே கதை.

இன்னொன்று கூலிங் கிளாஸ். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தத் திரையைப் பார்த்தால், சில கோணங்களில் திரை கறுத்துப்போகும். எல்சிடி திரை வேலை செய்யும் முறை அப்படி. அதனால்தான் விமானிகள் அந்த வகைக் கண்ணாடியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

உயிரோடு விளையாடுகிற எண்

இப்போது முக்கியமான நாப்புக்கு வருவோம். முதன்மைத் திரையின் ஓரத்தில் 'பேரோ' என்று எழுதிய ஒரு திருகு இருக்கும். காற்றழுத்தத்தைச் சரிசெய்வது இதுதான்.

விமானம் உயரத்தை எப்படி அளக்கிறது? கீழே நூல் விட்டு அல்ல. வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்த்து. மேலே போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 28 அடி ஏறியிருக்கிறோம் என்று கணக்கு.

சிக்கல் என்னவென்றால், கீழே தரையில் இருக்கும் அழுத்தமே தினமும் மாறும். ரமணன் டிவியில் மழை சொன்ன காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. அந்தத் தாழ்வு ஊருக்கு மேலே வந்து நின்றால், விமானம் நகராமலே இருந்தாலும் அது ஏறிவிட்டது என்று கருவி நினைக்கும். அதனால்தான் ஏர் டிராபிக் கன்ட்ரோலில் இருந்து 'இன்றைக்கு அழுத்தம் இவ்வளவு' என்று ஒரு எண் சொல்வார்கள். க்யூஎன்எச் என்பது அதன் பெயர். விமானி அந்த எண்ணைத் திருகி வைத்தால்தான் திரையில் தெரியும் உயரம் உண்மை உயரமாக இருக்கும்.

பாரிஸில் நடந்தது என்ன?

2022 மே 23. ஸ்டாக்ஹோமில் இருந்து பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையத்துக்கு ஒரு ஏர்பஸ் ஏ320 வந்துகொண்டிருந்தது. பெரிய விமானம்தான், ஆனால் இந்த எண்ணைப் பொறுத்தவரை பெரிசு சிறிசு என்று எதுவும் இல்லை.

அன்று மழை. இறங்கவேண்டிய ஓடுபாதையில் ஐஎல்எஸ் என்ற வழிகாட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் காற்றழுத்த உயரத்தை நம்பித்தான் இறங்க வேண்டும். கன்ட்ரோலர் சொன்ன எண் 1011. உண்மையான எண் 1001. விமானிகள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி, அப்படியே வைத்தார்கள்.

பத்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். திரை காட்டியதைவிட விமானம் சுமார் 280 அடி தாழ்வாக வந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதைவிடப் பெரிய பிழை, ஆனால் திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை. திரையைக் கேட்டால், எல்லாம் சரி.

ஓடுபாதைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் முன்னாடி, அந்த விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி உயரத்துக்கு வந்துவிட்டது. ஓடுபாதை விளக்கு கண்ணில் படாததால் விமானிகள் மறுபடி மேலே ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். 178 பேர் தப்பினார்கள். பிரான்ஸின் விசாரணை அமைப்பான பிஇஏ விசாரித்து எழுதிய அறிக்கையில்தான் இந்த விவரமெல்லாம் வெளியே வந்தது.

விழுந்தது ஒரே ஒரு இலக்கம். 1001 என்பதில் ஒரு பூஜ்ஜியம் ஒன்றாகிவிட்டது.

செம்பட்டிக்கு மேலே அதே பிழை வந்தால்?

மதுரை விமான நிலையத்திலிருந்து கோவைக்கு மேப்பில் நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோடு தாண்டிக்குடி பக்கம் கீழ்ப்பழனி மலையை உரசிக்கொண்டு போகும். அங்கே மலை 4,000 அடிக்கு மேல். இன்னும் மேற்கே போனால் கொடைக்கானல், 7,000 அடி. ஆயிரம் அடிக்கு அருகில் இருக்கிற செம்பட்டிச் சமவெளியும் அந்த மலையும் பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம்தான். விமானத்துக்கு அது சில நிமிடம்.

சின்ன விமானம் மலையைத் தவிர்த்துக் கிழக்கே ஒதுங்கி, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று சமவெளி மேலேயே போகலாம். இல்லை, நன்றாக ஏறி மலைக்கு மேலேயே போகலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று மேகத்துக்குள் நினைப்பதுதான் ஆபத்து.

யூனிட் குழப்பமும் இங்கே சேரும். அமெரிக்காவில் காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்வார்கள், 29.92 என்கிற மாதிரி. இந்தியாவில் ஹெக்டோபாஸ்கல். திரையில் இரண்டையும் காட்ட முடியும். கீழே இருக்கும் பட்டன் வரிசையில் 'ஆல்ட் யூனிட்' என்பதை அழுத்தி மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புயல் நேரம். கன்ட்ரோலர் 'ஒன்பது ஒன்பது இரண்டு' என்கிறார். விமானி முன்னாடி 29.92 என்று இருக்கிறது. 'ஓ, ஏற்கெனவே சரியாகத்தானே இருக்கு' என்று விட்டுவிட்டால், கிட்டத்தட்ட 600 அடி தவறு. 29.92 அங்குலம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல், 992 அல்ல.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. திரை நின்றுபோனால் பார்ப்பதற்காகத் தனியாக ஒரு முள் வைத்த உயரமானி இருக்கும். அதற்கும் தனி நாப். சில பழைய ஜி1000 விமானங்களில் ஆட்டோபைலட் கருவிக்கும் தனியாக அழுத்தத்தை வைக்க வேண்டும். ஆக ஒரே எண்ணை மூன்று இடத்தில் திருக வேண்டும். அவசரத்தில் ஒன்று விட்டுப்போவது நடக்கக்கூடியதுதான்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கே, அதைப் பார்த்தால் போதாதா?

நியாயமான கேள்வி. ஜிபிஎஸ் உயரமும் விமானத்தில் இருக்கிறது. ஜி1000 திரையில் மலையை நிறம் போட்டுக் காட்டும் வசதி அதைத்தான் நம்புகிறது. விமானத்தைவிட உயரமான நிலமும், விமானத்துக்குக் கீழே 100 அடிக்குள் வரும் நிலமும் சிவப்பு. 100 முதல் 1,000 அடி வரை கீழே இருந்தால் மஞ்சள். கொடைக்கானல் மலை அப்படியே சிவப்புச் சுவராகத் தெரியும்.

ஆனால் அதற்கு 'டெரெய்ன்' பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். மேப் அளவையும் சரியாக வைத்திருக்க வேண்டும். மொத்தத் தென்னிந்தியாவும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி வைத்திருந்தால், பழனி மலை திரையில் ஒரு விரல்நகக் கறை. சின்னதாக்கினால்தான் பள்ளத்தாக்கு, முகடு எல்லாம் பிரிந்து தெரியும்.

அப்புறம் ஏன் காற்றழுத்தம்? ஏனென்றால் வானத்தில் எல்லா விமானமும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். நீங்கள் ஜிபிஎஸ்ஸிலும் எதிரே வருகிறவர் காற்றழுத்தத்திலும் உயரத்தை அளந்தால் இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கணக்கில் மட்டும்தான் இருக்கும். அதோடு ஜிபிஎஸ்ஸும் கெடும். டெல்லி விமான நிலையத்துக்கு வந்த சில விமானங்களில் ஜிபிஎஸ் சிக்னல் போலியாக்கப்பட்டதை 2025 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சிக்னல் இடையூறு பற்றிப் புகார் வந்த இடங்களில் சென்னையும் உண்டு.

திரை அணைந்துபோனால்?

முதலில் எது அணைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தகவல் தரும் சென்சார் மட்டும் போனால், திரையில் அந்த இடத்தில் பெரிதாகச் சிவப்புப் பெருக்கல் குறி விழும். 'இதை நம்பாதே' என்று அர்த்தம். இது ஒரு நல்ல குணம். பழைய முள் கருவி கெட்டாலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே நிற்கும்.

இடது திரையே போய்விட்டால், இரண்டு திரைக்கும் நடுவில் 'டிஸ்பிளே பேக்கப்' என்று ஒரு சிவப்பு பட்டன். அழுத்தினால் வேகம், உயரம், சாய்வு, இன்ஜின் எல்லாம் மிச்சமிருக்கும் திரையில் ஒன்றாகக் கூடிவிடும். நெருக்கமாக இருக்கும், ஆனால் போதும்.

இரண்டும் போனால்? அதற்குத்தான் தனியாக வைத்திருக்கும் வேகமானி, சாய்வுமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி. பழைய முள்ளுக்கு மறுபடி வேலை வந்துவிடும். திரையிலேயே படித்து வளர்ந்த மாணவருக்கு அந்த முள்ளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியுமா என்பதுதான் பயிற்சியாளர்கள் சோதிக்கிற இடம்.

ஒரு கருவி தவறாகக் காட்டினால் அடுத்ததோடு ஒப்பிட வேண்டும் என்ற பாடத்துக்கு இந்தியா கொடுத்த விலை பெரிது. 1978 ஜனவரி 1-ஆம் தேதி இரவு மும்பையில் இருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' போயிங் 747, சில நிமிடத்தில் அரபிக்கடலில் விழுந்தது. கேப்டன் முன்னாடி இருந்த சாய்வுமானி தவறாகக் காட்டியது. இருட்டு, கீழே கடல், வெளியே அடிவானமே தெரியாது. பக்கத்து சீட்டு கருவிகளோடு ஒப்பிட நேரம் கிடைக்கவில்லை. 213 பேர் இறந்தார்கள்.

திரை வந்தபின் விபத்து குறைந்ததா?

இதைத்தான் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் அதிகமான சின்ன விமானங்களை எடுத்து, திரை உள்ளவை, முள் உள்ளவை என்று பிரித்துப் பார்த்தார்கள். 2010 மார்ச்சில் முடிவு வந்தது.

திரை உள்ள விமானங்களில் மொத்த விபத்து குறைவு. ஆனால் உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளின் விகிதம் அதிகம். திரை வந்ததால் பாதுகாப்பு கூடியதாகச் சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் முடிவு.

இதைப் படித்துவிட்டு திரைதான் ஆளைக் கொல்கிறது என்று பார்வர்டு போடக் கூடாது. திரை உள்ள விமானங்களை அதிக தூரத்துக்கும், கருவியை மட்டும் நம்பிப் பறக்கவேண்டிய வானிலையிலும் அதிகம் ஓட்டியிருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வாரியம் கேட்டது பயிற்சியைத்தான். ஒவ்வொரு வகைத் திரைக்கும் அது எப்படிக் கெடும், கெட்டால் என்ன செய்வது என்று தனியாகச் சொல்லிக்கொடுங்கள் என்றது.

பார்வை உள்ளே போனால் ஆபத்து

2009 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி போன பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். ஆர்.கே.தியாகி தலைமையிலான விசாரணைக் குழு சொன்ன ஒரு விஷயம் பலருக்கும் நினைவில்லை. டிரான்ஸ்மிஷன் ஆயிலில் ஏதோ கோளாறு என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அது உடனே உயிருக்கு ஆபத்தான கோளாறு அல்ல. ஆனால் அதற்கு என்ன செய்வது என்று கையேட்டில் பக்கம் தேடுவதிலேயே இரண்டு விமானிகளும் ஆறு நிமிடத்துக்கு மேல் மூழ்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் பாதை விலகி மழை மேகத்துக்குள் போய்விட்டது.

ஆறு நிமிடம். ஒரு ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் நமக்கு அது போவதே தெரியாது.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரில் இருந்து வெலிங்டனுக்குப் போன முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது வேறு மாதிரியான விபத்து. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை உணர்வு தப்பிவிட்டது என்றது விமானப்படையின் விசாரணை. கருவிக் கோளாறு இல்லை என்றும் சொன்னது. மலையும் மேகமும் சேர்ந்தால் எத்தனை அனுபவம் இருந்தாலும் எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கிறது என்பதற்கு நம் மேற்கு மலையிலேயே நடந்த உதாரணம் அது.

அதனால்தான் திரையில் செய்யவேண்டிய வேலையை எல்லாம் தரையில் நிற்கும்போதே முடிக்கச் சொல்கிறார்கள். யூனிட், வெளிச்சம், மேப் அளவு, போகும் வழி. பறக்கும்போது மெனுவுக்குள் புகுந்து தேடுவது, ஓட்டிக்கொண்டே போனில் டைப் அடிப்பதற்குச் சமம். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம் என்று கேட்கிறார்கள். எந்தத் திரை, அதைத் தரையிலேயே பழக சிமுலேட்டர் இருக்கிறதா, திரையை மூடிவிட்டு முள்ளை மட்டும் வைத்து எத்தனை முறை பறக்க விடுவீர்கள் என்றும் கேட்கலாம். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அழுத்த எண்ணைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள கிளம்புவதற்கு முன்னாடியே ஒரு எளிய வழி உண்டு. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேலே 459 அடி. விமானம் தரையில் நிற்கும்போது க்யூஎன்எச் எண்ணைத் திருகி வைத்தால், திரையும் பக்கத்தில் இருக்கும் முள்ளும் கிட்டத்தட்ட 459 என்று காட்ட வேண்டும். 700 என்றோ 200 என்றோ காட்டினால் விமானம் நகரக் கூடாது. கன்ட்ரோலரிடம் எண்ணை மறுபடி கேட்க வேண்டும்.